ஊசி எங்கே நிற்க வேண்டும்

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். பழுப்பு.
இன்னொரு பஞ்சு. அதிலும் பழுப்பு.
மூன்றாவது வெள்ளையாகவே திரும்பியது.
புதுக் கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி
நாடாவின் இறுக்கத்தைச் சமன் செய்தாயிற்று.
குரோம் நாடா, ஈரோட்டில் வாங்கியது.
விலையைப் பாவாயியிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.

சுவரில் பவானி ஜமுக்காளம் இரண்டு, ஆணியடித்து.
மைக்கைத் தார்க்குச்சி மூன்றில் கட்டி நிறுத்தி
வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து
ஒரு சாண் தள்ளி.
‘ப’ வந்தால் காற்று இடிக்கும், அதற்காக.

எல்லாம் சரி.
பள்ளிபாளையத்தில் எங்கள் வீதியில் மட்டும்
நூற்றுப்பத்துத் தறி.
யாரும் பேசாத வீட்டிலேயே ஊசி
பாதி தூரம் ஏறி நின்று ஆடுகிறது.

கரண்ட் போனால் தறி நிற்கும்.
கரண்ட் போனால் டெக்கும் நிற்கும்.
கூட்டுறவு வங்கியில் பேரேடு கூட்டும்போதெல்லாம்
இதையே இரண்டு வருஷம் யோசித்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றிப் பார்த்தால்
உள்ளே அத்தனை பெரிய டிரான்ஸ்பார்மர்
பாடுபட்டுக் கொடுப்பது பன்னிரண்டு வோல்ட்.
பங்காளி வீட்டு டிராக்டரில் இருப்பதும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டேகால்.
வீதி முழுக்கச் சத்தம் பொத்தென்று விழுந்தது.
இருட்டில் பேட்டரி, டெக்கின் மஞ்சள் விளக்கு,
இடது ஓரத்தில் படுத்துக்கொண்ட இரண்டு ஊசிகள்.
பாவாயி தறியிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்தாள்,
முடியெல்லாம் பஞ்சு.
ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போன
தம்பி செங்கோடனுக்குச் சேதி சொல்ல வேண்டும்.
சிவப்புப் பொத்தானை அழுத்தி ஐந்து வரை எண்ணினேன்,
முதல் துண்டில் எதுவும் பதியாது.
கை காட்டினேன்.

“டேய் தம்பீ, நல்லா இருக்கறயா!”

ஊசிகள் வலது சுவரில் போய் மோதின.
மெதுவா, என்றேன்.
“மெதுவாத்தானுங்க பேசறேன்” என்றாள்
வீதிக்கே கேட்கும்படி.
வெளியே தறிக்காரர்கள் காற்று வாங்கிக்கொண்டு
தோளுரசி நிற்பவனை
ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைப் போலக் கூப்பிட்டார்கள்.

வெறும் நாடாவை அவளுக்கு ஓட்டிக் காட்டினேன்.
டால்பியைப் போட்டேன், எடுத்தேன், போட்டேன்.
இரைச்சல் இப்பப் போச்சா? இப்ப?
“எந்த எரைச்சலுங்க?”

சம்பளத்தைக் கொட்டி நான் குறைக்கப் பார்த்த அந்த ‘ஸ்’
அவள் காதில் எப்போதோ குறைந்திருக்கிறது,
டால்பி இல்லாமலே.

நான் பேசாமல் இருந்தேன்.
அவள்தான் கேட்டாள், “அந்த ஊசி எங்க நிக்கோணும்?”
விரல் வைத்துக் காட்டினேன்.
இழை அறுகிறதா என்று பாவைப் பார்க்கிற பார்வையில்
ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.
ஏறினால் விட்டுக்கொடுத்து, இறங்கினால் பிடித்து.
எருமை சினை. சீட்டு விழவில்லை.
கம்ப்ரசர் பக்கத்தில் படுக்காதே.
பதினெட்டு நிமிஷம்.
கட்டிக்கொண்ட நாள் முதலாய் நான் கேட்டிராத குரல் அது.
அவளும் கேட்கவில்லை,
பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்து லாரி டிரைவர் ஒருவர் கையில்
அதே கேசட் திரும்பி வந்தது,
மறுபக்கம் நிறைத்து.
மைக்கை ரிக்குக்கு அடியிலேயே வைத்திருப்பான்போல.
ஊசி ஒருதரம்கூடக் கீழே வரவில்லை.
பாறையை இடிக்கிற கம்ப்ரசர், உடைந்த ஒலி,
பாதியில் ஒரு கத்தல்:
“அக்கா! தண்ணி வந்துருச்சுக்கா! நூத்தி எளுவதடில!”

எனக்கு அது மூன்றாவது தடவைதான் புரிந்தது.
அவள் முதல் தடவையிலேயே சிரித்துவிட்டாள்.

பதிவு நோட்டில் அந்தக் கேசட்டுக்கு நேராக
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
முதுகிலிருக்கும் சின்னக் காதுகள் இரண்டையும்
ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தேன்,
இனி இதன்மேல் எதுவும் பதியாது.